கண்ணாடியோடு கடையும் சேர்ந்தே வருகிறது

கடந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு, பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் துவாயில் சுற்றிய வீ.ஆர். கண்ணாடி (தலையில் மாட்டினால் விளையாட்டு உலகமே நம்மைச் சுற்றி இருப்பதுபோல் காட்டும் கருவி) ஒன்றை, ஹட்டனில் நான் நடத்தும் கணினி திருத்தும் கடைக்குக் கொண்டுவந்தார். கட்டாரில் வேலை செய்யும் மருமகன், அங்கே ஒருவர் பாவித்ததை வாங்கி, ஊருக்கு வந்தவரிடம் பேரனுக்காகக் கொடுத்தனுப்பியிருந்தார். “உள்ளுக்கு நாப்பது கேம் இருக்குன்னு சொல்லித்தான் தம்பி வித்திருக்கான், இப்ப ஒன்னையும் காணோம்” என்றார் பெரியவர்.

கண்ணாடியைத் திறந்ததும் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறது. பக்கத்துப் போன் கடையில், உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் ‘பெக்டரி ரீசெட்’ செய்து கொடுத்துவிட்டார்கள். நான் போட்டுப் பார்த்தபோது திரை தெளிவாக இருந்தது, இரண்டு கைக்கருவிகளும் ஒழுங்காக வேலை செய்தன, விளையாட்டுப் பட்டியல் மட்டும் வெறுமையாக இருந்தது. திருத்துவதற்கு எதுவுமில்லாத பொருளுக்கு என்ன கூலி கேட்பது? அந்த நாற்பது விளையாட்டுகளும் தொலைந்து போகவில்லை; விற்றவருடைய கணக்கில் அப்படியே பத்திரமாக இருக்கின்றன, இந்நேரம் அவர் புதிய கண்ணாடியில் அவற்றை விளையாடிக்கொண்டும் இருக்கலாம்.

இத்தகைய கண்ணாடிகள் இப்போது மலையகத்துக்கும் வரத் தொடங்கியுள்ளன. வாங்குகிறவர்கள் திரையின் தெளிவையும் விலையையும் விசாரிக்கிறார்களே தவிர, அந்தக் கண்ணாடி எந்த இணையக் கடையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பவரை நான் அரிதாகவே காண்கிறேன். நிறுவனங்களுக்கிடையிலான உண்மையான போட்டியோ அந்தக் கடையை வைத்துத்தான் நடக்கிறது.

வீ.ஆர். கண்ணாடி செய்யும் ஒக்குலஸ் நிறுவனத்தை 2014இல் ஏறத்தாழ 2 பில்லியன் டொலருக்கு வாங்கிய பேஸ்புக், பின்னாளில் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2020 ஒக்டோபரில் குவெஸ்ட் 2 கண்ணாடியை அது 299 டொலருக்குச் சந்தைக்கு விட்டது. கணினியோ வயரோ தேவைப்படாத ஒரு கருவிக்கு அது மலிவான விலை. 2022இல் மாத்திரம் இந்தக் கண்ணாடிகளைச் செய்யும் மெட்டாவின் பிரிவு சுமார் 13.7 பில்லியன் டொலர் நட்டம் காட்டியது. இவ்வளவு நட்டத்தையும் தாங்கிக்கொண்டு கண்ணாடியை மலிவாகக் கொடுப்பதன் நோக்கம் எளிது: ஒருவர் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், அதன் பிறகு அவர் வாங்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் அந்தக் கடை வழியாகவே வாங்கப்படும். ஒவ்வொரு விற்பனையிலும் பொதுவாக 30 சதவீதம் கடைக்குப் போகிறது. அத்துடன், விளையாட்டுகள் கைவசம் சேரச் சேர, வேறு நிறுவனத்தின் கண்ணாடிக்கு மாற அவருக்கும் மனம் வராது.

இந்த இழுபறி 2016இலேயே வெளிப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒக்குலஸ் ரிஃப்டும், ஏப்ரலில், கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் இணையக் கடையோடு இணைந்த எச்.டி.சி. வைவும், ஒக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் வீ.ஆரும் அடுத்தடுத்து வந்தன. ஒக்குலஸ் தன் கடையில் சில விளையாட்டுகளைத் தன் கண்ணாடிக்கு மட்டும் என்று வைத்திருந்தது. ‘ரிவைவ்’ என்ற சிறிய மென்பொருள் ஒன்று, அக்கடையில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளை வைவ் வைத்திருப்பவர்களும் விளையாட வழிசெய்தது. மே மாதம் ஒக்குலஸ் தன் மென்பொருளைப் புதுப்பித்து, ரிஃப்ட் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் பூட்டு ஒன்றைச் சேர்த்தது. எங்களிடம் வாங்கிய விளையாட்டை எதில் ஓட்டினாலும் கவலையில்லை என்ற பொருளில் ஒக்குலஸை ஆரம்பித்தவரே முன்னர் சொல்லியிருந்ததால், எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. ஜூன் மாதமே பூட்டை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் தன் சொந்தப் பொருளைப் பாவிக்கவே பூட்டை உடைக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தலான விடயம்.

கடை மூடப்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 2016இல் வந்த கூகிளின் வீ.ஆர். தளமான டேட்ரீம், 2019இல் கைவிடப்பட்டது. ஏசர், டெல், எச்.பி. போன்றவை 2017 முதல் விற்ற விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி கண்ணாடிகளுக்கான ஆதரவை நிறுத்துவதாக மைக்ரோசொஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அந்தப் பகுதியே நீக்கப்பட்டுவிட்டது. கணினியைப் புதுப்பித்தவர்களுக்கு, பழுதே இல்லாத கண்ணாடி வெறும் அலங்காரப் பொருளாயிற்று. “பெட்டி பிரிக்காதது, பாதி விலை” என்று இத்தகைய கண்ணாடிகள் இணையத்தில் இன்னும் விளம்பரமாகின்றன. அந்த விலைக்குக் காரணம் இதுதான். இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. விற்பனை நிறுத்தப்பட்ட ஒக்குலஸ் கோ கண்ணாடியின் இயக்கமுறைமையை 2021இல் முழுமையாகத் திறந்துவிட்டார்கள். அதற்காகப் பல காலம் வாதாடியவர், முன்னர் ஒக்குலஸின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜோன் கார்மக்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் கதவு அடைபடுவதுண்டு. 2023 பெப்ரவரியில் வந்த பிளேஸ்டேஷன் வீ.ஆர். 2, முதலாவது கண்ணாடிக்காக வாங்கிய விளையாட்டுகளை ஓட்டாது. வாளால் கட்டைகளை வெட்டும் ‘பீட் சேபர்’ விளையாட்டை ஸ்டீமில் வாங்கியவர் குவெஸ்டில் விளையாட மறுபடியும் வாங்க வேண்டும், பிளேஸ்டேஷனில் விளையாட மூன்றாவது தடவையும் வாங்க வேண்டும். அதை உருவாக்கிய நிறுவனத்தை மெட்டா 2019இல் வாங்கியது. 2025இல், பிளேஸ்டேஷன் பதிப்புக்கு இனிப் புதுப்பிப்புகள் வராது என்ற அறிவிப்பு வந்தது.

எல்லா நிறுவனங்களின் கண்ணாடிகளுக்குமான ‘ஓப்பன் எக்ஸ்.ஆர்.’ என்ற பொதுத் தரம் 2019இலேயே வந்துவிட்டதே என்று விடயம் தெரிந்த இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது விளையாட்டை எழுதுகிறவரின் வேலையைக் குறைக்கிறதே தவிர, நீங்கள் வாங்கிய பிரதியை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குக் கொண்டுபோக உதவாது.

வீட்டில் நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினி இருந்தால், விளையாட்டுகளை ஸ்டீமில் வாங்கும்படிதான் நான் சொல்கிறேன். குவெஸ்ட் கண்ணாடியைக் கணினியோடு இணைத்து அவற்றை விளையாடலாம். நாளை வேறு நிறுவனத்தின் கண்ணாடி வாங்கினாலும் அவை கணினியில் இருக்கும். “எங்கள் தோட்டத்துக்கு ஃபைபர் வரவில்லை, சிக்னலும் மழை வந்தால் போய்விடும், இது சரிவருமா” என்று தயங்குகிறவர்கள் பலர். விளையாட்டைப் பதிவிறக்கத்தான் இணையம் தேவை. பிறகு படம் கணினியிலிருந்து வீட்டு ரவுட்டர் வழியாகவே கண்ணாடிக்குப் போகிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் இணையத்தின் வேகத்தைவிட ரவுட்டரே முக்கியம்: அது 5 கிகாஹேர்ட்ஸ் வசதி உள்ளதாக இருக்க வேண்டும், கணினியை அதோடு லான் வயரால் இணைக்க வேண்டும். இணைய இணைப்போடு கிடைக்கும் மலிவான 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே உண்டு; கண்ணாடியில் படம் திக்கித் திக்கி வந்து தலைசுற்றுகிறது என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கணினி இல்லாதவர்கள் கண்ணாடியின் சொந்தக் கடையிலேயே வாங்கலாம், தவறில்லை. குவெஸ்ட் கடையிலும் ஸ்டீமிலும், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் கணக்கு உங்கள் வீட்டாரின் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். வெளிநாட்டு உறவினர் பாசத்தோடு தம் பெயரில் கணக்கைத் திறந்து விளையாட்டுகளைப் போட்டு அனுப்பிவிடுகிறார். பிறகு உறுதிப்படுத்தும் இலக்கம் ஒவ்வொரு தடவையும் அவருடைய போனுக்குப் போகிறது, அவரோ இரவுப் பணியில் இருக்கிறார்.

பெரியவரின் விடயத்திலும், மருமகனை வட்ஸ்அப்பில் அழைத்துப் பேசிவிட்டு, மகளுடைய மின்னஞ்சலில் புதிய கணக்கைத் திறந்து, பேரனுக்கு அதன் கீழ் ஒரு சிறுவர் கணக்கை அமைத்துக் கொடுத்தேன். துவாயைச் சுற்றியபடியே அவர் கேட்டார்:

“நாளைக்கு நாங்க இதை வித்தா, வாங்குற கேமும் சேர்ந்து போயிருமா தம்பி?”

“இல்லைங்க ஐயா, கேம் உங்க கணக்கிலதான் இருக்கும். கண்ணாடி மட்டுந்தான் போகும்.”

“கண்ணாடி இல்லாம கேமை வச்சு என்ன செய்யிறது?”

அதே கொம்பனியின் இன்னொரு கண்ணாடியைத்தான் வாங்க வேண்டும் என்றேன்.