வழி அடைபட்ட ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு

நியூயார்க் மாநிலத்தின் ஜெனசீ ஆறு வடக்கு நோக்கி ஓடி ஒண்டாரியோ ஏரியில் கலக்கிறது. போர்ட்டேஜ்வில் என்ற ஊர் வரை அகன்ற சமவெளியில் நிதானமாக வரும் ஆறு, லெட்ச்வொர்த் மாநிலப் பூங்காவுக்குள் நுழைந்ததும் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிவிடுகிறது. சில இடங்களில் சுவரின் உயரம் 550 அடி.

ஒரே ஆற்றுக்கு ஏன் இப்படி இரண்டு உருவம்? அகலமான பகுதி பழையது, ஒடுக்கமானது புதியது. பனியுகத்துக்கு முன்பு இந்த ஆறு போர்ட்டேஜ்வில்லில் இருந்து நண்டா ஊர்ப்பக்கமாக ஓடியது. வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் மண்ணையும் சரளையையும் கொட்டி அந்த வழியை அடைத்துவிட்டது. பனி விலகியதும் தேங்கிய நீர், தாழ்வான இடம் தேடிப் பாறை மேட்டின் மீது வழிந்து அறுக்கத் தொடங்கியது. பாறைக்கு வயது 35 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதில் விழுந்த வெட்டுக்கோ பல ஆயிரம் ஆண்டுகள்தான். எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? சுவரைக் கூர்ந்து பாருங்கள். கெட்டியான மணற்பாறையும் மெல்லிய களிப்பாறையும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். மழையும் வெயிலும் பட்ட களிப்பாறைத் துண்டைக் கையில் எடுத்தால் அப்பளம்போல் நொறுங்கும். அருவி விழும் இடத்தில் நீர் அடியிலுள்ள களிப்பாறையைக் குடைகிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறை தாங்க ஆளில்லாமல் ஒருநாள் உடைந்து விழுகிறது. அருவி கொஞ்சம் பின்வாங்குகிறது. மேல், நடு, கீழ் என இங்குள்ள மூன்று பெரிய அருவிகளும் இப்படித்தான் ஆற்றின் எதிர்த்திசையில் நகர்கின்றன. நடு அருவி மட்டும் 107 அடி.

குளிர்காலத்தில் வேலை அருவியோடு நிற்பதில்லை. விரிசலில் இறங்கிய நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்து, பாறையை நெம்புகிறது. அடிவாரத்தில் குவிந்து கிடக்கும் கற்களில் பல அப்படி விழுந்தவை.

மேற்குக் கரை விளிம்பை ஒட்டியே சுமார் 11 கிலோமீட்டர் நடைபாதை போகிறது. தடுப்புச் சுவரைத் தாண்ட வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான்: காலுக்குக் கீழே உள்ள பாறை, அடியில் வெற்றிடத்தோடு நீட்டிக்கொண்டிருக்கலாம். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. எதிர்க்கரையைப் பார்த்தால் தெரியும்.

வில்லியம் லெட்ச்வொர்த் என்ற தொழிலதிபர் 1906இல் இந்த நிலத்தை மாநிலத்துக்குக் கொடுத்தார். மேல் அருவிக்குச் சற்று மேலே ஆற்றைக் கடக்கும் ரயில் பாதைக்கு 2017இல் புது வளைவுப் பாலம் வந்தது. அதற்கு ஆற்றுக்குள் தூணே கிடையாது. முழு எடையையும் இரு கரைப் பாறைகள்தான் தாங்குகின்றன.