அந்த கவுனும் திருப்பூர் லைட் பாக்ஸும்

2015 பிப்ரவரி கடைசியில் ஒரு கவுன் இணையத்தையே இரண்டு கட்சியாக்கியது. ஸ்காட்லாந்தில் ஒரு தீவில் கல்யாணம். மணப்பெண்ணின் அம்மா தனக்குத் துணி பார்க்கப் போன இடத்தில் போனில் எடுத்த படம் அது. டம்ப்ளர் (Tumblr) என்ற இணையதளத்தில் ஏறியதும் பாதிப் பேர் "நீலமும் கறுப்பும்" என்றார்கள், மீதிப் பேர் "வெள்ளையும் தங்கமும்" என்று அடம்பிடித்தார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் மச்சான் அதைப் பார்த்துச் சிரித்தான். "இதுக்கா மாப்ள இப்படி அடிச்சுக்கறாங்க? எங்களுக்கு நித்தம் இதே பொழப்பு."

முழுக்க அதே பொழப்பு இல்லை. முதலில் கவுன் கதை.

கண்ணுக்குள் வருவது துணியின் நிறம் மட்டுமல்ல; அதன்மேல் விழுந்த வெளிச்சத்தின் நிறமும் கலந்துதான் வருகிறது. நோம்பிக்கு எடுத்த வெள்ளை வேட்டி குண்டு பல்பின் கீழே மஞ்சளைத்தான் திருப்பி அனுப்புகிறது. வேப்பமர நிழலில் லேசான நீலம். ஆனாலும் இரண்டு இடத்திலும் நமக்கு அது வெள்ளை வேட்டிதான், ஏனென்றால் சுற்றுமுற்றும் பார்த்து வெளிச்சத்தின் பங்கை மூளை கழித்துவிடுகிறது. நம்மைக் கேட்காமலே செய்கிற கணக்கு இது.

கவுன் படத்தில் இந்தக் கணக்குக்குப் பிடிமானம் இல்லை. வெளிச்சம் அதிகமாகி வெளுத்த படம்; என்ன விளக்கு என்பதற்குத் தெளிவான துப்பு கிடையாது. படத்திலுள்ள புள்ளிகளை அளந்தால் வெளிர்நீலமும் பழுப்பும்தான் வரும். துணி நிழலில் இருப்பதாக நினைத்த மூளை நீலத்தைக் கழித்தது, வெள்ளையும் தங்கமும் மிஞ்சின. மஞ்சள் விளக்கு என்று நினைத்த மூளைக்கு நீலமும் கறுப்பும்.

சுமார் 1,400 பேரிடம் கேட்ட ஓர் ஆய்வில் 57 சதவீதம் நீலம்-கறுப்பு, 30 சதவீதம் வெள்ளை-தங்கம், 11 சதவீதம் நீலம்-பழுப்பு. 2017-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் சுமார் 13,000 பேரின் பதில்களை வைத்து இன்னொன்றைக் கண்டார்: விடியலில் எழுகிறவர்களுக்கு வெள்ளை-தங்கமாகத் தெரிய வாய்ப்பு அதிகம், ராக்கோழிகளுக்கு நீலம்-கறுப்பு. பகல் வெளிச்சத்தில் பழகிய மூளை பகலையே ஊகிக்கும், விளக்கில் பழகியது விளக்கை.

சரி, மச்சானின் பொழப்பு? டி-ஷர்ட்டின் உடல் பகுதித் துணியும் கழுத்துப் பட்டியான ரிப்பும் தனித்தனியாகச் சாயம் போடப்பட்டு வரும். டியூப் லைட்டில் ஒரே சிவப்பு. வெயிலுக்குக் கொண்டு போனால் ஒன்று ஆரஞ்சடிக்கும். இதில் மூளையின் ஊகத்துக்கு வேலையே இல்லை. இரண்டு சாயக் கலவைகளும் வேறு வேறு, ஒரு விளக்கில் மட்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. இதை மெட்டாமெரிசம் என்கிறார்கள். அதனால்தான் சாம்பல் பூசிய லைட் பாக்ஸில் துணியை வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65 என்ற விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்ற விளக்கு, அப்புறம் மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்த்தே ஷேடு பாஸ் பண்ணுவார்கள். சேலையைக் கடை வாசலுக்குத் தூக்கிப் போய்ப் பார்க்கிற நம் அமுச்சிமார் செய்ததும் இந்தச் சோதனைதான்.

அந்த கவுன் நிஜத்தில் நீலமும் கறுப்பும். ஷிப்மென்ட் நாளில் நடுச்சாமம் தாண்டி வீடு திரும்பும் மச்சானுக்கு அப்படித்தான் தெரிகிறது. நாலு மணிக்குப் பால் கறக்க எழும் என் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். வெள்ளையாம். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். நீலம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கண்ணாடிய மாத்து சாமி" என்றார்.