பிக்கப்பில் பெரிய இன்ஜின் ஏற்றப் போகிறவர்களுக்கு

இந்த மழைக்காலத்தில் மட்டும் இன்ஜின் மாற்றி ஓட்டிக் கெட்டு என் பட்டறைக்கு வந்த மூன்றாவது வண்டி இது. முதல் வண்டி குளச்சலில் மீன் ஏற்றிக் களியக்காவிளை தாண்டிப் போகிறது, சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், பிய்ந்து இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற நிலையில் வந்தது. இரண்டாவது, ஜாயிண்ட் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு) அறுந்து ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்த வண்டி. மூன்றாவதை போன வாரம் கடையால் பக்கத்திலிருந்து வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். ரப்பர் தடி ஏற்றிய பிக்கப், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டிய பையன் பதறாமல் வண்டியைத் தோட்டத்துக் கய்யாலையோடு (எல்லைச் சுவரோடு) உரசவிட்டு நிறுத்தியிருக்கிறான். தடிக்கு மேலே உட்கார்ந்திருந்த லோடிங் ஆட்கள் இரண்டு பேரில் ஒருவர் குதித்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வளைவுக்குக் கீழே பஸ் நிறுத்தம் இருக்கிறது, காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிற இடம்.

மூன்று வண்டியிலும் ஒரே கதைதான். கம்பெனி போட்ட இன்ஜினையும் கியர் பாக்ஸையும் கழற்றிவிட்டு, உடைப்புக் கடையிலிருந்து வாங்கிய பெரிய இன்ஜினையும் அதற்குச் சேர்ந்ததென்று சொல்லிக் கொடுத்த கியர் பாக்ஸையும் ஏற்றியிருக்கிறார்கள்.

மார்த்தாண்டம் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மெக்கானிக் தொழிலில் இருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லியே அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

கடையால் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு முதலில் பிரேக் பைப்பைத்தான் பார்த்தேன். ஒழுகல் இல்லை. ஆயில் இருக்கிறது, லைனர் (டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டை) தேய்ந்திருந்தாலும் பாதி மிச்சம் இருக்கிறது. அப்புறம் பூஸ்டரிலிருந்து (பெடலில் கால் கொடுக்கிற அழுத்தத்தைப் பெருக்குகிற பாகம்) வருகிற தடித்த ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால், அது இன்ஜினுக்குப் போகவே இல்லை. நுனியில் ஒரு பழைய போல்ட்டைச் சொருகி, மேலே கிளிப் போட்டு இறுக்கி, ஒயருக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார்கள். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கத்தை, அதாவது காற்றை உறிஞ்சிய வெற்றிடத்தை, ஒரு தனி பம்ப்தான் கொடுக்கிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் (பேட்டரிக்குக் கரண்ட் கொடுப்பது) முதுகிலேயே ஒட்டியிருக்கும். வாங்கி வந்த இன்ஜினில் இருந்த ஆல்டர்னேட்டரில் அந்தப் பம்ப் இல்லை, மாட்டியவர் குழாயை அடைத்துவிட்டார். உரிமையாளரிடம் கேட்டேன். "பெடல் கொஞ்சம் கட்டியா இருக்கும், அமுக்கி மிதிச்சா பிடிக்கும்னு சொன்னாவ அண்ணே" என்றார். இரண்டரை டன் தடியை வைத்துக்கொண்டு இறக்கத்தில் எவ்வளவு அமுக்கி மிதிப்பது? இருபத்திரண்டு வயசுப் பையன், சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலாலும் மிதித்திருக்கிறான். பெடல் கம்பியே வளைந்திருக்கிறது.

சரி, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான். "பெரிய இன்ஜின்னா கூட லோடு ஏத்தலாமே." எனக்குத் தூக்கம் கெடுவது இந்த ஒரு நம்பிக்கையால்தான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு வண்டி எவ்வளவு லோடு தாங்கும் என்பதை இன்ஜின் தீர்மானிப்பதில்லை. லோடைச் சுமப்பது சேஸ், ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், ஹப் பேரிங், டயர். லோடை நிறுத்துவது பிரேக். இன்ஜின் செய்வது இழுக்கிற வேலை மட்டும். உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை என்று போட்டிருக்கும் எண், இவை அத்தனையிலும் எது முதலில் தோற்குமோ அதை வைத்துக் கம்பெனிக்காரன் கணக்குப் போட்டது. ஒன்றேகால் டன் ஏற்ற வேண்டிய வண்டி பழைய இன்ஜினில் இரண்டரை டன்னோடு ஏற்றத்தில் முக்கியது, திணறியது, உங்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் திணறல் வண்டி உங்களிடம் சொன்ன எச்சரிக்கை. பெரிய இன்ஜின் போட்டு அந்த வாயை அடைத்துவிட்டீர்கள், ஆனால் கீழே இருக்கிற டிரம்மும் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் அதே பழசுதான்.

கணக்காகவே சொல்கிறேன். ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது அதன் வேகம் முழுக்க பிரேக்கில் சூடாக மாறுகிறது. எடை இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, இரண்டல்ல. முன்பு மொத்தம் 2.5 டன்னோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி இப்போது 4 டன்னோடு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு தடவை நிறுத்துவதற்கு அதே டிரம், அதே லைனர், மூன்று மடங்குக்கும் மேல் சூட்டை வாங்க வேண்டும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து இறக்கங்களில் இப்படி நாலு வளைவு இறங்கினால் லைனர் கருகி வாசனை வரும், டிரம் விரியும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். மழை நாளில் தண்ணீர் பட்டு ஆறும் என்று ஒருத்தர் என்னிடம் வாதாடினார். சூடான டிரம்மில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழலாம் ஐயா. அதோடு நனைந்த ரோட்டில் டயருக்கும் பிடி கிடையாது.

இழுக்கிற பக்கமும் அப்படித்தான். முதல் கியர் 4, பின் ஆக்சிலில் இருக்கிற டிஃப்ரன்ஷியல் பற்சக்கரம் 4 என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் இன்ஜின் கொடுக்கிற முறுக்கு விசை 16 மடங்காகி பின் ஆக்சிலுக்குப் போகிறது. இன்ஜினில் 100 நியூட்டன் மீட்டர் கூடினால் ஆக்சிலில் 1600 கூடும். அந்த ஆக்சிலையும் அதற்குள் இருக்கிற கிரவுன் பினியன் பற்சக்கரத்தையும் அந்த எண்ணுக்குச் செய்யவில்லை. 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ், நம் குட்டி யானை, இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத் திறன் இன்ஜினோடுதான் வந்தது. ஏற்றுவது முக்கால் டன். சின்ன இன்ஜின், சின்ன ஹவுசிங், சின்ன சக்கரம், எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்த மாதிரி இருந்ததால்தான் அது அத்தனை ஊரிலும் ஓடியது. அதில் ஒன்றை மட்டும் பெரிசாக்கினால் மற்றது எல்லாம் வரிசையாக உடைந்து வரும், அந்த வரிசையைத்தான் நான் மாசா மாசம் லிஃப்டில் பார்க்கிறேன்.

இனி கியர் பாக்ஸ். ஹவுசிங் ஓட்டைகள் பொருந்தாது என்று லேத்தில் ஒரு தகடு வெட்டி நடுவில் வைப்பார்கள். வைக்கலாம், தப்பில்லை, ஆனால் கிராங்க் ஷாஃப்டின் (இன்ஜினின் சுழல் தண்டு) மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒன்றாக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். எத்தனை பட்டறையில் பார்க்கிறார்கள்? கண் அளவில் வைத்து, போல்ட் ஏறினால் சரி என்று முடித்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் ஃப்ளைவீல் நடுவில் இருக்கிற ஸ்பிகாட் பேரிங் கத்தும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி பிய்ந்து வரும், மூன்று தடவை பிளேட் மாற்றியும் நிற்கவில்லை என்று என்னிடம் வருவார்கள். பிளேட்டில் கோளாறு இல்லை, உட்கார்ந்திருக்கிற இடமே கோணல்.

புதுக் கியர் பாக்ஸ் பழையதைவிட நீளமாக இருந்தால் ஜாயிண்ட் ஷாஃப்டை அறுத்து ஒட்டுவார்கள். ஒட்டியதை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் அறுபதில் போகும்போது தரை அதிரும். கோணமும் மாறிப்போயிருக்கும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டுகள், முன் கிராஸும் பின் கிராஸும், சமமான கோணத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் முந்தியும் பிந்தியும் சுற்றி கிராஸைத் தின்றுவிடும். இரண்டாவதாக வந்தது என்று சொன்னேனே, அந்த வண்டியில் முன் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தியிருக்கிறது. அது வில்லுக்குறி பக்கம், நேர் ரோடு, வேகமும் குறைவு. வேகத்தில் குத்தியிருந்தால் ஷாஃப்டை ஊன்றிக்கொண்டு வண்டியே எழும்பியிருக்கும்.

மீன் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வண்டியின் சேஸ் மற்ற வண்டியின் சேஸ் மாதிரி அல்ல. பெட்டியிலிருந்து ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் ராத்திரி பகலாக ஒழுகி, சேஸின் உள்பக்கம் துரு அடுக்கடுக்காக ஏறியிருக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். குளச்சல் வண்டியில் இன்ஜினைத் தாங்குகிற புது மவுண்டிங் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சுத்தியலால் தட்டினேன், 'டங்' என்று வர வேண்டியது 'டொக்' என்று வந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிட்டது. அந்த இரும்பில்தான் பழைய இன்ஜினைவிடக் கூடுதல் எடையுள்ள இன்ஜினை வெல்டிங் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெல்டிங் உடையவில்லை. வெல்டிங்கோடு சேர்த்து சேஸ் பிய்ந்து வந்திருக்கிறது.

"அந்தக் காலத்து ஜீப்பில் எல்லாம் மாற்றி ஓட்டினார்களே அண்ணே" என்று கேட்பார்கள். ஆமாம், பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றுவதை நான் தொழில் படிக்கிற காலத்தில் கூட நின்று பார்த்திருக்கிறேன். மகிந்திராவே பெஜோ டீசல் இன்ஜின் போட்ட ஜீப்பை விற்றது, அதனால் அந்த சேஸுக்கான மவுண்டிங்கும் பெல் ஹவுசிங்கும் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற கூடு) தயாராகக் கிடைத்தன. ஜீப் ஓடிய வேகமும் நாற்பது, ஐம்பது. இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜினுக்கு ஈ.சி.யூ. (டீசலைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி) வேண்டும், சென்சார் வேண்டும், முழு ஒயரிங் வேண்டும். கிடைத்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி முடிக்கிறார்கள், டீசல் பைப்புக்குப் பக்கத்தில்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. இது கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. பிரிவு 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே மேக், அதே டைப் இன்ஜினை மாற்றுவது வேறு விஷயம், அதற்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்ற வழி இருக்கிறது. அதைவிட்டு, "எஃப்.சி.க்கு மட்டும் பழசை மாட்டிக்கிடலாம்" என்று, அதாவது தகுதிச் சான்று வாங்குகிற அன்றைக்கு மட்டும் பழைய இன்ஜினை மாட்டலாம் என்று பேசுகிறவர்களை என் பட்டறைக்குள் விடுவதில்லை. நம் மாவட்டத்து டி.என். 74, 75 வண்டிகளில் பல தினமும் கேரள எல்லை தாண்டுகிறவை. நிறுத்திப் பார்க்கும்போது இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் முதலில் வருகிற சந்தேகம் திருட்டு வண்டி என்பதுதான். பில் இல்லாமல் உடைப்புக் கடையில் வாங்கிய இன்ஜின் உண்மையிலேயே திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் யாரிடம் போய் அழுவீர்கள்? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் இந்த வித்தியாசத்தைத்தான்.

இழுவை குறைந்துவிட்டது என்றால் முதலில் இருக்கிற இன்ஜினைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் கீறல், இன்ஜெக்டர் கோளாறு, கம்ப்ரஷன் குறைவு, கிளட்ச் வழுக்கல், அளவு மாறிய டயர், பிரேக் லைனர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. என்னிடம் "இன்ஜின் மாற்றணும்" என்று வந்த எத்தனையோ பேர் இதில் ஒன்றைச் சரி செய்துகொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். உண்மையிலேயே லோடு கூடிவிட்டதா, பெரிய வண்டி வாங்குங்கள், பழையதாவது. கடையால்காரர் இன்ஜின், கியர் பாக்ஸ், லேத், வெல்டிங், மூன்று கிளட்ச் என்று செலவழித்ததைக் கூட்டினேன், இரண்டரை லட்சம் தாண்டியது. இப்போது ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்திருக்கிறது.

ஏற்கெனவே மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கோபத்தில் அல்ல. லோடுக்கு மேலே ஆளை ஏற்றாதீர்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறது. ஓட்டுகிற தம்பிமாருக்கும் சொல்கிறேன் மக்களே, முதலாளி கொடுத்த வண்டி என்று கண்ணை மூடி ஏறாதே. பிரேக் கட்டியாக இருக்கிறது என்றால் இறங்கிவிடு.

நாளைக் காலையில் லோடு ஏற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். பிரேக் பெடலை ஐந்தாறு தடவை மிதித்து விடுங்கள், அது கட்டியாகும். காலைப் பெடலில் அழுத்தி வைத்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கு அடியில் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, பூஸ்டருக்கு வேக்கம் வரவில்லை, இல்லையென்றால் பூஸ்டரே கெட்டிருக்கிறது. ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள். அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.