குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது

எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில், "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்றதோடு எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. மரம் வளர்ப்பின் அவசியம் பற்றி மூன்று பக்கம் உருப்போட்டிருந்தேன். அதில் ஒரு வரிகூட இன்று நினைவில்லை. ஆனால் மைக்கின் கரகரப்பும், முன்வரிசையில் வாயைப் பொத்திச் சிரித்த பையனும், தலைமையாசிரியர் முன்னால் பாதி குடித்தபடி இருந்த கோலி சோடாவும் முப்பது வருடமாக அப்படியே இருக்கின்றன. மறந்தது மறந்தேபோனது, மறந்துபோய் நின்றதுதான் மறக்கமாட்டேன் என்கிறது.

அதே மூளையிடம் இன்று காலை வண்டிச் சாவி எங்கே என்று கேட்டால் கையை விரித்தது. சாவி இருந்தது ஃபிரிட்ஜ் மேல்.

சாவி விஷயத்தில் மூளையைக் குறை சொல்ல முடியாது. பால் பாக்கெட்டை எடுக்கிற கவனத்தில் சாவியை வைத்திருக்கிறேன். வைத்த இடம் பதியவே இல்லை, அப்புறம் எப்படி மறக்கும்? சந்தேகம் இருந்தால், தினமும் கையில் புரளும் பத்து ரூபாய் நாணயத்தைப் பார்க்காமல் வரைந்து பாருங்கள். 1979-ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சென்ட் நாணயத்தை இப்படி வரையச் சொன்னார்கள். பெரும்பாலோர் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, எழுத்து எங்கே வருகிறது என்பதிலேயே தடுமாறினார்கள். கண்ணில் பட்டதெல்லாம் மனதில் பதிவதில்லை.

அடுக்களைக்குள் போய் "எதுக்கு வந்தேன்?" என்று நிற்பது வேறு கதை. கேப்ரியல் ராட்வான்ஸ்கி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, அதே தூரத்தை ஒரு வாசலைத் தாண்டி நடந்தவர்கள் கையில் இருந்த பொருளை அதிகம் மறந்தார்கள். வாசலைத் தாண்டியதும் மூளை முந்தைய காட்சியை மூடிவைத்துவிட்டுப் புதிய காட்சியைத் திறக்கிறது என்பது அவருடைய விளக்கம். பழைய இடத்துக்கே போய் நின்றால் ஞாபகம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய சோதனையில் அது கைகொடுக்கவில்லை.

சரி, பதிந்தது எவ்வளவு நாள் நிற்கும்? இதை முதலில் அளந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளே இல்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, தன்னையே சோதித்து, 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குப் பிறகு கரைவது மெதுவாகிவிடுகிறது. பொருள் புரியாமல் உருப்போட்ட என் மரம் வளர்ப்பும் அந்த வழியில்தான் போயிருக்கும்.

மேடை ஏன் போகவில்லை? பதற்றத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. அவை மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதியைத் தூண்டுகின்றன. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்கு அமிக்டலா, "இது முக்கியம், அழுத்தமாகப் பதி" என்று சொல்வதுபோல. வேடிக்கை என்னவென்றால், இதே கார்ட்டிசால் ஏற்கெனவே பதிந்ததை வெளியே எடுப்பதற்குத் தடை போடும். என் பேச்சை மறக்கடித்த அதே பதற்றம்தான் மேடையைச் செதுக்கியும் வைத்தது. தேர்வறையில் விடை வராமல் விழித்த நிமிடங்கள் மட்டும் துல்லியமாக நினைவிருப்பவர்களுக்கு இது புரியும்.

போகட்டும், நினைக்காமல் இருந்துவிடலாமே? மருந்து கொடுத்த வைத்தியர், "குடிக்கும்போது மட்டும் குரங்கை நினைக்காதே" என்றாராம். அதுவரை குரங்கைப் பற்றி யோசித்தே இராத நோயாளிக்கு அன்றுமுதல் கிண்ணத்தைத் தொட்டாலே குரங்கு. 1987-ல் டேனியல் வெக்னர் இதையே ஆய்வகத்தில் செய்தார். அவருடைய குரங்கு ஒரு வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கியவர்களைப் பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக அடித்தார்கள். கரடி வருகிறதா என்று காவல் காக்க, மனதின் ஒரு மூலை கரடியின் படத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறதே.

ஆனால் மைக்கேல் ஆண்டர்சனும் காலின் கிரீனும் 2001-ல் வேறொன்றைக் காட்டினார்கள். சொற்களை ஜோடி ஜோடியாகக் கற்பித்தார்கள். பிறகு ஒரு சொல்லைக் காட்டி, அதை நேராகப் பார்த்தபடியே அதன் ஜோடியை மட்டும் மனதுக்குள் வரவிடாதீர்கள் என்றார்கள். பலமுறை அப்படிச் செய்தபின் அந்த ஜோடிச் சொற்கள் ஓரளவு மங்கின. அந்த நேரத்தில் மூளையின் முன்பகுதி ஹிப்போகாம்பஸின் வேலையைக் குறைக்கிறது என்பது பின்னால் ஸ்கேனில் தெரிந்தது. எல்லா ஆய்வகங்களிலும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அதிகம் வியப்பளிப்பது 2000-ல் நியூயார்க்கில் கரீம் நாடர் எலிகளிடம் செய்த சோதனை. ஓர் ஒலியும் கூடவே மின்னதிர்ச்சியும் கொடுத்து, ஒலியைக் கேட்டாலே அஞ்ச வைத்தார். மறுநாள் ஒலியை ஒருமுறை ஒலிக்கவிட்டு, புரத உற்பத்தியைத் தடுக்கும் வேதிப்பொருளை அமிக்டலாவில் செலுத்தினார். அதன்பின் எலிகளின் பயம் வெகுவாகக் குறைந்தது. ஒலியைக் கேட்காத எலிகளுக்கு அதே ஊசி போட்டும் பயம் குறையவில்லை. அதாவது, நினைவை வெளியே எடுக்கும்போது அது இளகுகிறது, திரும்பவும் உறைந்தால்தான் நிற்கிறது. மனிதர்களிடம் இதைச் சிகிச்சையாக்க முயன்றவர்களுக்கு இதுவரை கலவையான பலன்தான்.

எலிகளைப் பற்றிப் படித்த பிறகு ஒருநாள், அந்தப் பள்ளியில் என்னோடு படித்த ஒருவனிடம் பேச்சுப் போட்டிக் கதையைச் சொன்னேன். எத்தனையாவது முறையாகச் சொல்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கேட்டுவிட்டு, "அன்னைக்கு எச்.எம். லீவுடா" என்றான். அப்படியானால் அந்தக் கோலி சோடாவை யார் குடித்தது?