பாலின இடைவெளி என்றால் எத்தனை வாரம்?

கோத்தகிரிப் பக்கம் குழந்தை நலக் கூட்டம் எதற்குப் போனாலும் இப்போது ஒரே பேச்சு: 'தடுப்பூசியில் பாலின இடைவெளி'. ஊசி போடுவதில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் 'ஜெண்டர் கேப்' என்பார்கள். அதை அப்படியே தமிழில் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

'பால்' மீது குறை இல்லை. 'பகு' என்ற வேர். பகுதி என்று பொருள். ஆண்பால், பெண்பால் தொல்காப்பியத்திலேயே உண்டு. 'கேப்' என்றால் பழைய நார்ஸ் மொழியில் பிளவு. நமக்குத் தெற்கே பாலக்காட்டில் இருப்பதும் ஆங்கிலத்தில் 'கேப்'தான். நாம் கணவாய் என்கிறோம். இடம் பார்த்துத்தானே சொல் போட வேண்டும்?

இங்கே இடம், ஊசி போடும் இடம். அங்கே 'இடைவெளி'க்கு ஏற்கெனவே இரண்டு வேலை. ஒன்று, இரண்டு பிள்ளைப்பேறுக்கு நடுவே விடும் காலம். மற்றது, தவணைகளுக்கு நடுவே உள்ள காலம்: ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி 6, 10, 14 வாரங்களில், குறைந்தது 4 வார இடைவெளியில். நர்ஸம்மா இப்படிச் சொல்லிக் கேட்டே பழகிய எஸ்டேட் தாய்க்குப் 'பாலின இடைவெளி' எப்படிக் கேட்கும்? பையனுக்கு நாலு வாரம், பெண்ணுக்கு ஆறு வாரம் போலிருக்கிறது என்றுதான். அட்டவணையில் அப்படி எதுவும் கிடையாது. ஐந்து வயது வரை இருவருக்கும் ஒரே ஊசி, ஒரே அளவு.

அதைவிடப் பெரிய குறை, இடைவெளி தானாக விழுந்தது போல ஒலிக்கிறது. புதன்கிழமை ஊசிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சலும் வரலாம். பையன் என்றால் லீவு போடுவது, பெண் என்றால் 'அடுத்த புதன் பார்த்துக்கலாம்' என்பது வீட்டில் யாரோ எடுக்கும் முடிவு. அதற்குப் பெயர் பாகுபாடு. அதுவும் 'பகு' வழி வந்த சொல்தான்.

வீட்டுப் பேச்சில் இன்னும் கூர்மையான சொல் இருக்கிறது: ஓரவஞ்சனை. பெற்ற பிள்ளைகளுக்குள் பேதம் பார்ப்பதைச் சொல்லவே வாய்த்த சொல். 'வஞ்சனை வடசொல்' என்று தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கேட்கிற தாய்க்குச் சுருக்கென்று தைக்கிறதே! கணக்கெடுப்பில் ஆண், பெண் சதவீதம் மட்டும் மாறுகிறது, காரணம் தெரியவில்லை என்றால் சரி, 'வித்தியாசம்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இதே மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், முத்தடுப்பு ஊசி மருந்து தயாரித்திருக்கிறார்கள். 'முத்தடுப்பு' என்று பெயர் வைத்தவர் யாரோ, மூன்று நோய்க்கு ஒரு தடுப்பு என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் விளங்க வைத்தார். இப்போது மொழிபெயர்ப்பவர்கள் ஊசி போடும் வரிசையில் ஒருநாளாவது நின்றிருப்பார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.