ஈரூர்ச் செயலர்: ஒரு சொல் விளக்கம்

இங்கிலாந்துச் சிற்றூர் நிர்வாகத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் 'பகிரப்பட்ட பங்கு எழுத்தர்' என்றொரு தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஷேர்டு பாரிஷ் கிளார்க் (Shared Parish Clerk) என்பதை அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடி ஒட்டியிருக்கிறார்கள். மூன்று சொல்லுமே தப்பு. இதைத் திருத்துகிறேன் என்று கிளம்பிய வேறு சிலர் 'கூடுதல் பொறுப்பு எழுத்தர்' என்று எழுதுகிறார்கள், அது இன்னும் மோசம். முதல் தொடர் புரியாது, அவ்வளவுதான். இரண்டாவது தப்பாகப் புரியும்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் சுமார் 10,000 சிற்றூர் (பாரிஷ்), சிறுநகர மன்றங்கள் இருக்கின்றன. பல மன்றங்களில் முழுநேரம் ஆள் வைக்கிற அளவுக்கு வேலையும் இல்லை, பணமும் இல்லை. அதனால் பக்கத்துப் பக்கத்து மன்றங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே ஆளைக் கிளார்க்காக வைத்துக்கொள்கின்றன. ஓர் ஊருக்கு வாரம் 12 மணி நேரம், அடுத்த ஊருக்கு 8 மணி நேரம் என்கிற மாதிரி.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

முதலில் 'பங்கு'. நம் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று எங்கே போய் 'பங்குப் பேரவை' என்று சொன்னாலும் கிறிஸ்தவக் கோயில் நிர்வாகம், பங்குத்தந்தை என்றுதான் புரிந்துகொள்வார்கள். மீன்பிடிக்கிறவர்களிடம் வெறும் 'பங்கு' என்றால் வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று செலவு போகப் பிரிக்கிற பணம். இங்கிலாந்தின் பாரிஷ் மன்றமோ 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. தேவாலயத்தின் கையிலிருந்த ஊர்க் காரியங்களை எடுத்து, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்திடம் கொடுக்கத்தான் அந்தச் சட்டமே வந்தது. எதைப் பிரித்தார்களோ அதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழில் மறுபடி ஒட்டிவைக்கிறார்கள். ஊராட்சி என்று எழுதினால் போதும், எல்லோருக்கும் புரியும்.

அடுத்து 'எழுத்தர்'. தமிழ்நாட்டு அலுவலகத்தில் எழுத்தர் என்றால் பதிவறை எழுத்தர் போல, கோப்பு எடுத்துக் கொடுக்கிற, பதிவு போடுகிற வேலை. இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் கூட்ட அழைப்பை அனுப்புகிறவர், மன்றத்துக்குச் சட்ட நிலவரம் சொல்கிறவர், பெரும்பாலும் கணக்குக்கும் பொறுப்பானவர். நம் ஊராட்சியில் செயல் அதிகாரம் தலைவரிடம் இருக்கிறது. அங்கே தலைவர் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது, மன்றம் முடிவெடுத்தால் செய்து முடிப்பது கிளார்க்தான். அவரைச் 'செயலர்' என்பதுதான் சரி. நம்மிடமே ஊராட்சி உதவியாளர் என்ற பெயர் போய் ஊராட்சி செயலர் என்று ஆகிவிட்ட பிறகு எழுத்தரைத் தேடிப் போவானேன்?

இப்போது 'கூடுதல் பொறுப்பு'. ராமநாதபுரம் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள், 429 ஊராட்சிகள். ஓர் ஊராட்சியில் செயலர் இடம் காலியானால் பக்கத்து ஊராட்சி செயலரிடம் அதையும் கொடுப்பது இங்கே வழக்கம், ஆணையில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'கூ.பொ.' என்று இருக்கும். அவர் பையில் இரண்டு ரப்பர் முத்திரை, இரண்டு தீர்மானப் புத்தகம். ஆனால் திங்கள் எந்த ஊர், செவ்வாய் எந்த ஊர், இந்த ஊருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. கிராம சபை வந்தால் சிக்கல் பளிச்சென்று தெரியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று எல்லா ஊராட்சிக்கும் ஒரே நாள். ஒரே ஆள் இரண்டு ஊர்க் கூட்டத்தில் எப்படி உட்காருவார்? கூடுதல் பொறுப்பு என்பது காலியிடத்தைத் தற்காலிகமாக அடைக்கிற ஏற்பாடு. அதில் சொந்த ஊர் ஒன்று, ஒட்டிக்கொண்ட ஊர் ஒன்று. ஒட்டிக்கொண்ட ஊருக்கு எப்போதும் மிச்ச நேரம்தான் கிடைக்கும், சம்பளமும் அந்த நேரத்தோடு சேர்ந்து போகாது.

இங்கிலாந்து ஏற்பாட்டில் காலியிடமே கிடையாது. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 112ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மன்றமும் தனக்கான ஆளைத் தானே நியமிக்கலாம், இரண்டு மன்றம் என்றால் இரண்டு நியமனம், இரண்டு ஒப்பந்தம், ஒவ்வொன்றிலும் தனித்தனி மணிக்கணக்கு. இல்லையென்றால் 113ஆம் பிரிவுப்படி ஒரு மன்றம் ஆளை வைத்துக்கொண்டு, அவருடைய உழைப்பை அடுத்த மன்றத்துக்கும் கொடுத்து, அதற்கான செலவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சம்பளம் மணிக்கு இவ்வளவு என்று வருகிறது: ஆண்டுச் சம்பளத்தை 52.143 வாரத்தால் வகுத்து, அதை முழுநேர வாரத்தின் 37 மணியால் வகுக்கிறார்கள். நான் மேலே சொன்ன 12, 8 கணக்கில் பயிற்சிக் கட்டணம், தொலைபேசிச் செலவு எல்லாம் 60க்கு 40 என்று பிரித்துக்கொள்ளலாம். விடுப்பும் மணிக்கணக்குக்குத் தக்கபடிதான். அங்கேயும் தகராறு இல்லாமல் இல்லை. மார்ச் 31 கணக்கு முடிப்பு இரண்டு ஊருக்கும் ஒன்றாக வரும், அப்போது எந்த ஊர் வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று நேரக் குறிப்பு எழுதி வைக்காவிட்டால் இரண்டு மன்றமும் அடித்துக்கொள்ளும். ஆனால் அது எழுதிவைத்த கணக்கின் மேல் வருகிற தகராறு. இதைப் போய் 'கூடுதல் பொறுப்பு' என்று எழுதினால் மணிக்கணக்கு என்கிற உயிரே போய்விடுகிறது. படிக்கிற ஒன்றிய ஊழியர் 'ஓ, நம்ம கூ.பொ. மாதிரிதானா' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவர் நின்று படிக்க வேண்டிய இடமே அதுதான்.

'பகிரப்பட்ட' பற்றியும் சொல்லிவிடுகிறேன். செல்பேசியில் ஷேர் பொத்தானுக்குப் பகிர் என்று போட்டதிலிருந்து ஷேர் என்று எங்கே கண்டாலும் பகிர்வு என்று எழுதுகிற பழக்கம் வந்துவிட்டது. தமிழில் பகிர்வது என்றால் பகுத்துக் கொடுப்பது. இங்கே பகுக்கப்படுவது நேரமும் சம்பளமும். மனிதரைப் பகுக்க முடியாது, 'பகிரப்பட்ட ஊழியர்' என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். அப்புறம் இந்தப் 'பட்ட' வால். நியமிக்கப்பட்ட, பகிரப்பட்ட, கணக்கிடப்பட்ட என்று ஒரே பத்தியில் ஏழெட்டு வருகிறது, யார் நியமித்தது, யார் கணக்கிட்டது என்று தேடினால் கிடைக்காது. சம்பள விஷயத்தில் இது சாதாரணக் குறை இல்லை. கொடுக்க வேண்டியவர் யார் என்று தெரிய வேண்டாமா?

சரி, என்ன சொல்லலாம்? 'பொதுச் செயலர்' என்றால் கட்சிப் பதவி. 'இணைச் செயலர்' என்றால் தலைமைச் செயலகம் நினைவுக்கு வரும். 'கூட்டுச் செயலர்' பரவாயில்லை, கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பல ஊருக்குக் காவிரித் தண்ணீர் வருகிற மாவட்டத்தில் கூட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் செயலர்கள் இரண்டு பேர் சேர்ந்து வேலை பார்ப்பது போலவும் ஒலிக்கிறது. 'ஈரூர்ச் செயலர்' என்பது என் தேர்வு. இரண்டு ஊர், ஒரு செயலர், எந்த ஊரும் ஒட்டு இல்லை. மூன்று ஊர் என்றால் மூவூர்ச் செயலர், அதற்கும் மேலே போனால் பல்லூர்ச் செயலர். ஆணையில் எழுதும்போது பெயருக்குக் கீழேயே இரண்டு ஊரின் பெயரையும் ஊருக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம். செயலர் நீண்ட விடுப்பில் போகும்போது தற்காலிகமாக வருகிறாரே, அவர் வேறு. அவருக்கு 'இடைக்காலச் செயலர்' இருக்கிறது, உண்மையான கூடுதல் பொறுப்புக்குக் 'கூடுதல் பொறுப்பு' இருக்கட்டும்.