பழைய யன்னலைச் சுரண்டும் முன்: ஈயப் பெயின்ட் விதி காப்பதும் காக்காததும்

தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் நெருங்கினால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு சுரண்டும் சத்தம் கேட்கும். கடலின் உப்புக்காற்று யன்னல் கம்பியை விட்டுவைப்பதில்லை. துருவைச் சுரண்டி, தேய்த்து, மறுபடி பூசியே ஆக வேண்டும். அப்போது பறக்கும் தூளில் ஈயம் இருக்கக்கூடும். சமையல் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, அது வெள்ளீயம். இங்கே சொல்வது நஞ்சான காரீயத்தை.

நிறம் எடுப்பாக நிற்கவும், விரைவில் காயவும், துரு பிடிக்காதிருக்கவும் ஈயச் சேர்மங்களைப் பெயின்டில் கலந்தார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனாமல்களும் இரும்புக்கு முதலில் பூசும் செந்நிறப் பூச்சும் இதில் பேர்போனவை.

இதைக் கட்டுப்படுத்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கொண்டுவந்த விதி 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனாமலில் ஒரு கிலோவுக்கு 600 மில்லிகிராம், சுவருக்கான இமல்சனிலும் சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்டிலும் 90 மில்லிகிராம் என்று அது ஈயத்துக்கு எல்லை வகுத்தது. உலக சுகாதார அமைப்போ எல்லாப் பெயின்டுக்கும் 90 என்ற எல்லையையே பரிந்துரைக்கிறது. ஆகவே குழந்தை பிடித்து நிற்கும் கம்பிக்கும் கட்டிலுக்கும் எனாமல் வாங்கும்போது, 90க்கு உட்பட்டது என்று தகரத்தில் எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கடைக்காரர் தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் உள்ள உரிமை. சந்தேகம் இருந்தால் அந்த அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் இந்த விதி கடைத் தகரத்தோடு நின்றுவிடுகிறது. 2013க்கு முன் உங்கள் கதவில் ஏறிய பூச்சு அங்கேயேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்குப் பழைய பூச்சைக் கலைப்பவர் பயிற்சிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது. பூச்சை நெருப்பால் எரித்து எடுப்பது அங்கே தடை. நம் வீட்டில் அந்தக் காவலை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

தூள்தான் எதிரி. தரையில் படிந்த தூளைத் தவழும் குழந்தை கையில் எடுத்து வாயில் வைக்கிறது. வாய்க்குள் போகும் ஈயத்தில் பெரியவரைவிட நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையில் இன்னும் அதிகம். மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே இதற்கு இல்லை.

வேலை முடியும் வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் உறவினர் வீட்டில் விடுங்கள். ஓர் அறைக்குள் மட்டும் வேலை என்றால், கதவை பொலித்தீனால் மூடி அவர்களை அந்தப் பக்கம் விடாதிருங்கள். தரையிலும் பொலித்தீன் விரித்து, பூச்சை நன்றாக நனைத்துவிட்டுச் சுரண்டச் சொல்லுங்கள். சுழலும் இயந்திரத்தால் உலரத் தேய்க்கவோ, தீச்சுவாலையால் சூடாக்கவோ விடாதீர்கள். பெயின்ட் பூசுபவருக்கு வாயைச் சுற்றித் துணி கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூளை அதிகம் சுவாசிப்பவர் அவர்தான். வேலை உடுப்போடு அவர் தன் வீட்டுக்குப் போனால் அவர் பிள்ளைக்கும் அதே தூள்தான். விளக்குமாறு வேண்டாம், அது தூளை மறுபடி கிளப்பும். ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை, தண்ணீரை மாற்றி மாற்றித் துடையுங்கள். சுரண்டிய செதில்களைக் கட்டி மூடிக் குப்பைக்குக் கொடுங்கள், வளவில் எரிக்காதீர்கள்.

முன்பே உலரச் சுரண்டிவிட்ட வீட்டில் சிறு பிள்ளை இருந்தால், பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று இருந்துவிடாதீர்கள். அடையாளம் எதுவும் வெளியே தெரியாமலே ஈயம் ஏறியிருக்கலாம். அதைக் காட்டுவது இரத்தப் பரிசோதனை மட்டுமே. கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம், வீட்டில் பழைய பூச்சைச் சுரண்டினோம் என்று சொல்லி அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.